யாரும் எண்ணிப் பார்க்காத 11 பேர்

ஒரு பவுன் கட்டினால் 5 ஆயிரம் பவுன்!

2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் பந்தயத் தரகர்கள் சொன்ன கணக்கு இது. "இந்த வருடம் லெஸ்டர் சிட்டி கால்பந்து கோஷ்டிதான் சாம்பியன்" என்று யாராவது பணம் கட்டி, அது பலித்துவிட்டால், கட்டிய பணத்தைப் போல் 5 ஆயிரம் மடங்கு தருவதாகச் சொன்னார்கள். நடக்கவே நடக்காது என்ற தைரியம்தான்!

9 மாதம் கழித்து, 2016 மே 2-ந் தேதி, அது நடந்துவிட்டது.

அதிசயம் என்று உலகமே பேசியது. இன்றும் பேசுகிறார்கள். அதிசயம் என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. தப்புக் கணக்குப் போட்டவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியது இல்லை. உண்மை என்ன? கோப்பையை வாங்கிக் கொடுத்த முக்கிய ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் முதல் ஆட்டத்துக்கு முன்பே அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள். பாதியில் வானத்தில் இருந்து யாரும் குதிக்கவில்லை. தராசில்தான் கோளாறு.

கடைசி இடம்

லெஸ்டர் நகரம் லண்டனுக்கு வடக்கே சுமார் 100 மைல் தூரத்தில் இருக்கிறது. காலுறைக்கும் பூட்சுக்கும் பேர் போன தொழில் நகரம். 1972-ல் உகாண்டா சர்வாதிகாரி இடி அமீன் இந்தியர்களை விரட்டியபோது, ஆயிரக்கணக்கான குஜராத்திக் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. தீபாவளி வந்தால் இந்த ஊரில் ஜே ஜே என்று கூட்டம்!

இங்கே கால்பந்து கழகம் ஏற்பட்டது 1884-ல். 130 வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு தடவைகூட லீக் சாம்பியன் ஆனது கிடையாது. 1929-ல் 2-வது இடம் வந்ததுதான் பெரிய பெருமை.

இங்கிலாந்தின் முதல் தர லீக்கில் 20 கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற 19 கோஷ்டிகளுடனும் இரண்டு இரண்டு தடவை மோத வேண்டும். ஆக 38 ஆட்டம். ஜெயித்தால் 3 பாயிண்டு. சமம் என்றால் 1 பாயிண்டு. கடைசி 3 இடத்தில் நிற்பவர்கள் மறு வருடம் கீழ் டிவிஷனுக்குப் போய்விட வேண்டும்.

2015 ஏப்ரல் தொடக்கத்தில் லெஸ்டர் கடைசி இடத்தில் கிடந்தது. 29 ஆட்டம் ஆடி 19 பாயிண்டுதான். "போய் வா" என்று எல்லோரும் கை அசைத்துவிட்டார்கள். மீதி இருந்த 9 ஆட்டத்தில் 7 ஆட்டம் ஜெயித்தது. ஒன்று சமம். ஒன்று தோல்வி. 14-வது இடத்துக்கு ஏறித் தப்பியது.

9 ஆட்டத்தில் 22 பாயிண்டு! சாம்பியன்கள் எடுக்கிற பாயிண்டு அல்லவா இது? ஆனால் ஆகஸ்டில் பலம் எழுதியவர்கள் கண்ணில் பட்டது "14-வது இடம்" என்ற ஒரே வரிதான்.

இதற்குள் இன்னொரு குழப்பம். ஜூன் 30-ந் தேதி மானேஜர் நைஜல் பியர்சன் டிஸ்மிஸ் செய்யப்பட்டார். முந்தைய வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் கேம்பியாசோவும் போய்விட்டார். ஜூலை 13-ந் தேதி புது மானேஜராக வந்தவர் இத்தாலியைச் சேர்ந்த கிளாடியோ ரானியேரி. வயது 63. பெரிய பெரிய கழகங்களை நடத்தியவர்தான். ஆனால் ஒரு முதல் டிவிஷன் லீக் கோப்பைகூட அவர் கைக்கு வந்தது இல்லை. கடைசியாக கிரீஸ் நாட்டுக் கோஷ்டியை நடத்தினார். அந்தக் கோஷ்டி சொந்த ஊரிலேயே பரோ தீவுகளிடம் தோற்றது. பரோ தீவுகளின் மொத்த ஜனத்தொகையே நம் ஊர் தாலுகா ஒன்றுக்குக் காணாது. மறுநாளே அவர் வேலை போயிற்று.

லெஸ்டரில் பிறந்து, லெஸ்டருக்கு ஆடி, இங்கிலாந்துக்கே காப்டன் ஆனவர் கேரி லினேக்கர். "இவரையா பிடித்தார்கள்?" என்கிற மாதிரி அவரே மூக்கில் விரலை வைத்தார்.

விலைச் சீட்டு

கோஷ்டியின் பலத்தைப் பார்க்க எல்லோரும் முதலில் புரட்டுவது விலைச் சீட்டைத்தான். அந்த வருடம் மான்செஸ்டர் சிட்டி கழகம் டி புரூய்ன் என்ற ஒரே ஆட்டக்காரருக்குக் கொடுத்தது சுமார் 5½ கோடி பவுன். லெஸ்டரில் வழக்கமாக இறங்கிய 11 பேரையும் சேர்த்து வாங்கிய விலை அதில் பாதிகூட வராது!

முன்னால் கோல் போட ஜேமி வார்டி. 16 வயதில் "ஆள் குட்டை" என்று ஷெபீல்டு வெட்னஸ்டே கழகம் கழித்துவிட்ட பையன். பிறகு ஒரு சின்னக் கோஷ்டியில் வாரம் 30 பவுனுக்கு ஆடினார். பகலில் தொழிற்சாலை வேலை. எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டும் கருவிகள் செய்கிற இடம். 2012-ல் அவரை லெஸ்டர் 10 லட்சம் பவுனுக்கு வாங்கியது. 2014-15 லீக்கில் அவர் போட்டது 5 கோல்தான். "இவரா பலம்?" என்று கேட்டால், அன்றைக்கு யாரும் தலையாட்டி இருக்கமாட்டார்கள்.

பக்கவாட்டில் ரியாத் மாரெஸ். பாரிசுக்குப் பக்கத்தில் பிறந்து அல்ஜீரியாவுக்கு ஆடியவர். பிரான்சின் 2-வது டிவிஷனில் இருந்து வாங்கப்பட்டார். விலை சுமார் 4½ லட்சம் பவுன். லெஸ்டர் என்றதும் அது ரக்பி ஆடுகிற ஊர் என்றுதான் அவர் நினைத்தாராம்!

பின்னால் காப்டன் வெஸ் மார்கன், ராபர்ட் ஹூத். இருவரும் மதில் சுவர் மாதிரி. ஓட்டம் சற்று மட்டு. உயரப் பந்து வந்தால் தலை அவர்களுடையது. இடது பக்கம் கிறிஸ்டியன் புக்ஸ், ஜெர்மனியில் இருந்து சும்மா வந்தவர். ஒரு காசு கொடுக்கவில்லை. மார்க் ஆல்பிரைட்டனும் அப்படியே, ஆஸ்டன் வில்லா வேண்டாம் என்று விட்டவர். வலது பக்கம் சிம்சன், நடுவில் டிரிங்வாட்டர். இருவரும் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் வளர்ந்து, அங்கே இடம் கிடைக்காமல் வந்தவர்கள். கோல் கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல். அவர் அப்பா பீட்டர் உலகப் புகழ் பெற்ற கோல் கீப்பர். மகனுக்கு அதுவே பாரம்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் கழித்துப் போட்ட சரக்கு. சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நடுவில் ஒரு குள்ளர்

இந்தக் கோஷ்டியின் முதுகெலும்பு இன்னொருவர். பெயர் ங்கோலோ காண்டே. மாலி நாட்டில் இருந்து வந்த பெற்றோருக்குப் பாரிசில் பிறந்தவர். உயரம் 5 அடி 6 அங்குலம். உயரம் போதாது என்று சிறு வயதில் பல கழகங்கள் அவரைச் சேர்க்கவில்லை. 2013-ல்கூட அவர் பிரான்சின் 3-வது டிவிஷனில்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

லெஸ்டருக்காக ஆள் தேடுகிறவர் ஸ்டீவ் வால்ஷ். வார்டியையும் மாரெசையும் கண்டுபிடித்தவர். அவர் காண்டேயின் பெயரை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். இவ்வளவு சின்ன ஆள் இங்கிலாந்தில் தாங்குவாரா என்று ரானியேரிக்கு முதலில் தயக்கம். வால்ஷ் விடவில்லை. லீக் தொடங்க 5 நாள் இருக்கும்போது காண்டே கையெழுத்துப் போட்டார். விலை 56 லட்சம் பவுன். கோல் போடாத ஆள் என்பதால் பத்திரிகைகளில் பெரிய எழுத்து கிடைக்கவில்லை.

அவர் வேலை என்ன? எதிரியின் காலில் இருந்து பந்தைப் பறிப்பது. அவ்வளவுதான். அந்தப் பருவத்தில் 175 தடவை பறித்தார். லீக்கிலேயே அதிகம் அவர்தான்.

பறித்த பந்து எங்கே போகும்? அங்கேதான் பொருத்தம் இருக்கிறது. காண்டே பறித்தால், டிரிங்வாட்டர் தலையை நிமிர்த்தாமலே நீளமாக ஒரு உதை உதைப்பார். வார்டி முன்னால் ஓடிக்கொண்டிருப்பார். வார்டியின் ஓட்டம் புயல் மாதிரி. ஆனால் எதிரிகள் எல்லோரும் பின்னால் கூடி நின்றுகொண்டால் அந்த ஓட்டத்துக்கு இடம் ஏது? அவர்கள் முன்னேறி வந்த நேரத்தில் பந்து பறிபட்டால்தான் பின்புறம் வெறும் மைதானம் கிடைக்கும். பந்தைப் பறிக்க காண்டே இல்லாவிட்டால் வார்டியின் வேகம் வீண். ஓடிப் பிடிக்க வார்டி இல்லாவிட்டால் காண்டே பறித்தும் பிரயோசனம் கொஞ்சம். ஜப்பான்காரர் ஷின்ஜி ஒகாசாகி லீக்கில் போட்டது 5 கோல்தான். எதிரிகளை ஓய்வு இல்லாமல் துரத்தித் துரத்திப் பந்தை அவசரமாக உதைக்க வைத்ததுதான் அவர் செய்த பெரிய உபகாரம். அதற்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கட்டம் கிடையாது.

2015 நவம்பர் 28-ந் தேதி நடந்ததைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் வந்திருந்தது. அவர்கள் அடித்த கார்னர் பந்தை ஷ்மைக்கேல் பிடித்தார். உடனே புக்சுக்கு எறிந்தார். புக்ஸ் பந்தோடு ஓடி, வார்டியின் பாதையில் தள்ளினார். கோல்! தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் போட்டு வார்டி புது ரிக்கார்டு ஏற்படுத்தினார். ரிக்கார்டு வார்டி பேரில். கோல் கீப்பரின் கையும், இலவசமாக வந்தவரின் காலும் அதில் பங்காளிகள்.

பீட்சா விருந்து

எல்லாம் முதல் நாளே சரியாக இருந்ததா என்றால், இல்லை. முதல் 9 ஆட்டத்திலும் லெஸ்டர் கோல் வாங்கியது. செப்டம்பர் 26-ந் தேதி ஆர்சனல் 5-2 என்று அடித்து நொறுக்கியது. இதன் பிறகுதான் ரானியேரி பின்வரிசையை மாற்றினார். வெளியே உட்கார்ந்திருந்த சிம்சனும் புக்சும் உள்ளே வந்தார்கள்.

"ஒரு ஆட்டத்தில் கோல் வாங்காமல் இருங்கள். பீட்சா வாங்கித் தருகிறேன்" என்று பிள்ளைகளுக்கு மிட்டாய் காட்டுவது போல அவர் சொல்லி வைத்திருந்தார். அக்டோபர் 24-ந் தேதி கிரிஸ்டல் பேலஸ் கோஷ்டியை 1-0 என்று ஜெயித்தார்கள். கடைக்கு அழைத்துப் போனார். ஆனால் மாவைப் பிசைந்து அவரவர் பீட்சாவை அவரவரே சுட வேண்டும் என்று சொல்லிவிட்டார்! வசந்த காலம் வந்தபோது, தொடர்ந்து 4 ஆட்டத்தை 1-0 என்று ஜெயிக்கிற அளவுக்கு அந்தப் பின்வரிசை இறுகியது.

அதிர்ஷ்டமும் இருந்தது. இதை மறைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பந்தயங்கள் எதுவும் இல்லாததால் உடம்புக்கு ஓய்வு கிடைத்தது. காயம் பட்டவர்கள் சொற்பம். ஏறக்குறைய அதே 11 பேரை வாராவாரம் இறக்க முடிந்தது. முந்தைய சாம்பியன் செல்சி தடுமாறி 10-வது இடத்துக்குப் போனது. ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் 38 ஆட்டத்துக்கு ஓடி வராது. 23 வெற்றி, 12 சமம், 3 தோல்வி, 81 பாயிண்டு. 2-வது வந்த ஆர்சனலைவிட 10 அதிகம்.

மறுபடியும் அதே தராசு

ஆகஸ்டு 2015-ல் தப்புக் கணக்குப் போட்டது வெளியார். அடுத்த வருடம் போட்டது யார்? கோப்பையைக் கையில் வைத்திருந்த லெஸ்டர் கழகமேதான்.

2016 ஜூலையில் காண்டே செல்சிக்குப் போனார். விலை சுமார் 3 கோடியே 20 லட்சம் பவுன். பெரிய இடம் கூப்பிடும்போது பிடித்து வைப்பது கஷ்டம். அதற்காகக் கழகத்தைக் குறை சொல்ல முடியாது. அதே மாதம் வால்ஷும் எவர்டன் கழகத்துக்குப் போய்விட்டார். ஆளும் போனார், ஆளைக் கண்டுபிடிக்கும் கண்ணும் போயிற்று.

வந்த பணம் எங்கே போனது? காண்டேயின் இடத்துக்கு மெண்டி என்பவரை வாங்கினார்கள். அவர் ஆரம்பத்திலேயே காயம் பட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்லிமானி, முசா என்று முன்வரிசைக்கு இரண்டு பேரை வாங்கச் செலவு செய்தது 4 கோடி பவுனுக்கு மேல். கோல் போடுகிறவர்களுக்கு! அந்தக் கோஷ்டிக்குக் கோல் போட ஆள் பஞ்சம் எப்போது இருந்தது? பந்தைப் பறிக்கிறவருக்கு அல்லவா பஞ்சம்!

லினேக்கர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். லெஸ்டர் சாம்பியன் ஆனால், மறு பருவத்தின் முதல் டெலிவிஷன் நிகழ்ச்சியை உள்ளாடையோடு நடத்துவதாகச் சொன்னார். சொன்னபடி 2016 ஆகஸ்டு 13-ந் தேதி இரவு அரை நிர்வாணமாக உட்கார்ந்தார். நாடே சிரித்தது. அன்று பகலில் சாம்பியன் லெஸ்டர் ஹல் நகரில் ஆடியது. ஹல் கோஷ்டி அப்போதுதான் கீழ் டிவிஷனில் இருந்து ஏறி வந்தது. நிரந்தர மானேஜர் இல்லை. அனுபவ ஆட்டக்காரர்கள்கூடப் போதவில்லை. அவர்களிடம் லெஸ்டர் 2-1 என்று தோற்றது.

2017 பிப்ரவரி 23-ந் தேதி ரானியேரி டிஸ்மிஸ். அப்போது லெஸ்டர் 17-வது இடம். பருவம் முடிந்தபோது 12-வது இடம். முந்தைய வருடம் 10-வது இடத்தில் இருந்த செல்சி, புது மானேஜர் காண்டியின் கீழ் சாம்பியன் ஆனது. நாட்டின் சிறந்த ஆட்டக்காரராக மற்ற ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது காண்டேயை. அந்தப் பருவம் முழுவதிலும் லீக்கில் அவர் போட்டது ஒரே ஒரு கோல்.