படப்புத்தகத்தில் ஒரு பவளத் தோட்டம்



எங்கள் இல்லத்துக் கண்ணாடி அலமாரியில், என் மாமியார் காலத்திலிருந்து ஒரு வெண்பவளக் கிளை இருக்கிறது. அண்மையில் என் நான்கு வயது மகளுக்குக் கடல் படப்புத்தகம் ஒன்றைக் காட்டினேன். செம்மையும் பசுமையும் ஊதாவுமாய் விளங்கிய பவளப்பாறையைக் கண்டவள், அலமாரியைச் சுட்டி, "உம்மா, நம்ம வீட்டுப் பவளத்தோட நிறம் எங்கே போச்சு?" என்றாள். திகைத்துப் போனேன்.

பவளம் கல்லன்று, செடியுமன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிச் சுண்ணாம்பால் கட்டும் வீடு அது. அவற்றின் உடலில் குடியிருக்கும் நுண்பாசிகளே உணவில் பெரும்பகுதியையும் நிறத்தையும் அளிக்கின்றன. கடல்நீர் அளவுமீறிச் சூடேறினால் பாசிகள் நீங்கிப் பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016ஆம் ஆண்டுகளில் இவ்வாறு நிகழ்ந்தது. எங்கள் அலமாரியில் இருப்பதோ, உயிர் பிரிந்தபின் எஞ்சிய எலும்புக்கூடு.

மழலையிடம் இத்தனையும் கூற வேண்டியதில்லை. "பவளம் வீடு, அதில் யார் யார் இருக்கிறார்கள், தேடு" என்றாலே போதும். அலகு போன்ற பல்லால் பவளத்தைக் கடித்து மணலாக்கும் கிளிமீன், நிறம் மாற்றி ஒளியும் பேய்க்கணவாய், கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்கிடையே அச்சமின்றி வாழும் கோமாளி மீன் என ஒவ்வொன்றும் ஒரு கதையாகும்.

எரிக் கார்ல் வரைந்த இரு நூல்கள் இதற்கு ஏற்றவை. 1987இல் வெளிவந்த நூலில், ஓடு சிறுத்துப் போன துறவி நண்டு புதுவீடு தேடுகிறது. 2004இல் வந்த மற்றொன்றில், குஞ்சுகளைப் பையில் சுமக்கும் தந்தைக் கடற்குதிரை வருகிறது. அதன் ஒளிபுகும் தாள்களைப் புரட்டினால் மறைந்திருக்கும் மீன்கள் தோன்றும். ஆங்கில நூலாயினும், படத்தைக் காட்டிக் கதையைத் தமிழில் சொல்லலாம்.

இக்கடல் நமக்கு அயலன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததால் அரண் இழந்து, அவற்றுள் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001 முதல் பவளம் சட்டப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம். அதனை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

சில நாள் கழித்து விருந்தினர் ஒருவர் அக்கிளையை வியந்தபோது, "அது வீடு. உள்ளே இருந்தவங்க இப்ப இல்லை" என்றாள் மகள். அழகுக்காகப் பவளம் வாங்கும் வழக்கம் நம் தலைமுறையோடு முடியட்டும், சகோதரிகளே! நம் பிள்ளைகள் அதன் நிறத்தைப் படப்புத்தகத்தில் கண்டு, உயிரோடு கடலிலேயே இருக்க விடட்டும்.