புதுசு வந்துட்டா பழசைக் கடாசணுமா?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட ஆசைப்படுகிறவர்கள் "எப்படி விளையாடுவது?" என்று கேட்பதில்லை. "எந்தப் பதிப்பு வாங்கணும்?" என்றுதான் கேட்கிறார்கள். உடனே நாலு பேர் ஓடி வந்து, "2024 பதிப்பே வந்தாச்சு, இன்னுமா பழசு?" என்று சிரிப்பார்கள். அந்த நாலு பேரில் மூணு பேர் கடைசியாகப் பகடை உருட்டி ஒரு வருஷம் ஆகியிருக்கும் :-)

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "கதவை உடைக்கிறேன்", "ஓடி ஒளிகிறேன்" என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் மூன்று சின்னப் புத்தகங்களாக வெளியிட்டது. அதற்குப் பிறகு 1989, 2000, 2008, 2014, 2024 என்று புதுப்புதுப் பதிப்புகள். ஒவ்வொரு தடவையும் பழசு வைத்திருப்பவனைப் பார்த்து அதே சிரிப்பு.

சரி, ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர். செமஸ்டர் லீவுக்கு விடுதியைக் காலி செய்துவிட்டு ஐந்து பேர் போளூரில் பஸ் ஏறி மலைக்குத் திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் சிக்னல் வரும், போகும். கையில் காசு கிடையாது, சாயங்காலம் முழுக்க நேரம் மட்டும் உண்டு. இவர்கள் கையில் எந்தப் பதிப்பு உயிரோடு இருக்கும்?

2024 பதிப்பின் மூன்று முக்கியப் புத்தகங்களும் தலா 384 பக்கம், தலா 50 டாலர். விளையாடுபவருக்கு ஒன்று போதும். ஆனால் கதை நடத்துபவருக்கு மூன்றும் வேண்டும். மொத்தம் 1152 பக்கம், 12,000 ரூபாய்க்கு மேல். 1981ல் வந்த அடிப்படைப் புத்தகம் 64 பக்கம். அதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பிள்ளைகள் வருஷக்கணக்காக விளையாடினார்கள். ஒருவரும் கதை போதவில்லை என்று பாதியில் எழுந்து போகவில்லை.

"புத்தகம் எதுக்கு, எல்லாம் இணையத்தில் இருக்கே" என்பார்கள். அங்கேதான் வில்லங்கம். 2024 ஆகஸ்டில் அந்த நிறுவனம் என்ன செய்யப் பார்த்தது தெரியுமா? தன் இணையக் கருவியில், காசு கொடுத்து வாங்கியவர்களின் பாத்திரங்களில் இருந்த பழைய மந்திரங்களையும் மாயப் பொருட்களையும் புது விதிப்படி மாற்றிவிடப் போவதாக அறிவித்தது. விளையாடுபவர்கள் கொதித்தெழுந்த பிறகே சில நாளில் பின்வாங்கியது. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை ராத்திரியோடு ராத்திரியாக யாராலும் திருத்தி எழுத முடியாது.

இதற்கு முன்னாலும் ஒன்று நடந்தது. இந்த விதிகளை வைத்து மற்றவர்களும் நூல் எழுதலாம் என்று 2000ல் ஒரு திறந்த உரிமம் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் அதை மாற்றும் வரைவு ஒன்று கசிந்தது. ஊரே திரண்டு எதிர்த்தது. அதே மாதம் 27ஆம் தேதி நிறுவனம் இறங்கி வந்து, 2014 பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. இனி அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. மூலத்துக்கு நன்றி சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், திருத்தலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம்.

விஷயமே இதுதான். "எது புதுசு?" என்பது கேள்வி அல்ல. "எது கைக்குள் இருக்கிறது?" என்பதே கேள்வி.

புதுசின் பக்கமும் நியாயம் உண்டு, மறைக்க வேண்டாம். 1981 விதிகளில் ஆரம்பநிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். பகடை தரும் உயிர்ப்புள்ளி அதிகபட்சம் 4. ஒரு எலி கடித்தாலே பரலோகம். புதுப் பதிப்பில் அந்தப் பரிதாபம் இல்லை, பாத்திரங்களுக்குள் வித்தியாசமும் அதிகம். அதன் அடிப்படை விதிகளும் 2025ல் அதே உரிமத்தில் வந்துவிட்டன. நல்லது. ஆனால் பழசில் செத்துப்போனால் பத்து நிமிஷத்தில் இன்னொரு ஆள் தயார். புதுசில் ஆளை உருவாக்கவே ஒரு சாயங்காலம் போய்விடும். ஜமுனாமரத்தூர்க்காரர்களிடம் இருப்பதே அந்தச் சாயங்காலம்தான்!

நம்மூர் ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, பாறையில் கரிக்கட்டையால் நாலு கோடு. விதி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். "உங்க ஊர் பதிப்பு காலாவதி" என்று எவனாவது சொன்னானா? விதி ஆடுகிறவர்கள் கையில் இருந்ததால்தான் அது பிழைத்தது.

ஜமுனாமரத்தூர் இருக்கும் அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. அங்கே 1972ல் வைத்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்கு வகித்தது. 1986ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதற்காகச் சின்னதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவில்லை.

ஆகவே, 2014 புத்தகம் வைத்திருப்பவர் அதிலேயே ஆடட்டும். பழைய சாகசக் கதைகள் புது விதியோடும் ஒத்துப்போகும் என்று நிறுவனமே சொல்கிறது. பிறகு எதற்கு அவசரம்? ஒன்றுமே இல்லாதவர், 1981 வழியில் எழுதப்பட்ட 'பேசிக் ஃபேன்டஸி' விதிநூலை இலவசமாக இறக்கி, தேவையான பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டும். இருபது முகப் பகடை இல்லையா? ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கினால் போதும்.

ஆங்கிலம்தான் தடை என்றால், உரிமம் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. புதுப் பதிப்பு வாங்கலாமா என்று ஆறு மாதம் சண்டை போடும் நேரத்தில் நாலு பேர் உட்கார்ந்து ஐம்பது பக்கத்தைத் தமிழாக்கியிருக்கலாம். மலையில் இருக்கும் அந்த ஐந்து பேருக்குத் தேவை அதுதான்.