டூர் வயிறு

மருந்துக் கம்பெனி ரெப்பாக இருக்கும் நண்பர் ஒருவருக்கு மாதத்தில் 20 நாள் டூர். அல்சர் மாத்திரை விற்பது தொழில். சாம்பிளில் பாதியை அவரே முழுங்கிவிடுகிறார்.

"வேற வழி? ராத்திரி 10 மணிக்குக் கடைசி டாக்டரைப் பார்த்துட்டு வெளில வந்தா, பரோட்டாக் கடை மட்டும்தான் சார் திறந்திருக்கு!"

வயசு 34. போன மாசம் ரத்தத்தில் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்களாம். தவிட்டையும் நாரையும் கழித்துவிட்ட மைதாவை, இரவு 10 மணிக்கு, எண்ணெயும் சால்னாவுமாக இறக்கினால் உடம்பு வேறென்ன சொல்லும்?

டாக்டர் எப்படியும் ரெண்டு மணி நேரம் வராந்தாவில் காக்கவைக்கப் போகிறார். 7 மணிக்கே பக்கத்து ஓட்டலில் நாலு இட்லியை முடித்துவிட்டு வந்து உட்காரலாமே? இது ஏனோ ஒரு ரெப்புக்கும் தோன்றுவதில்லை.

பரோட்டாவுக்குப் பயந்து இட்லி பார்சல் வாங்குகிற புத்திசாலிகளும் உண்டு. அந்தப் பார்சலை லாட்ஜில் பிரித்துப் பாருங்கள். சாம்பாருக்கு ஒரு கவர், ரெண்டு சட்னிக்கு ரெண்டு கவர், எல்லாவற்றையும் போட இன்னொரு கவர், நூல் முடிச்சை அவிழ்க்க உங்கள் பல். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்த லிஸ்ட்டில் உண்டு. சட்டம் கெஸட்டில் பத்திரமாக இருக்கிறது. சாம்பார் கவரில் பத்திரமாக இருக்கிறது.

கடையிலேயே உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிட்டால் கவரே இல்லை. இலை மாட்டுக்குப் போகும். மத்தியானம் மீல்ஸ் என்றால் கூட்டையும் பொரியலையும் ரெண்டாம் தடவை கேளுங்கள். சாதத்தை அண்டாவோடு கவிழ்க்கத் தயாராக இருக்கிற சர்வர், கூட்டு கேட்டால் மட்டும் சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முறைப்பார். முறைக்கட்டும். 'அன்லிமிடெட்' என்று போர்டு மாட்டியது அவர்கள்தானே?

பார்சல் வாங்கித்தான் தீரவேண்டும் என்றால், பையில் ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில். இதைச் சொன்னதும் நண்பர் பதறினார். "டை கட்டிக்கிட்டு டப்பாவோட நிக்கச் சொல்றீங்களா?" மும்பையில் 1890 முதல் ஆபீஸர்களுக்கு டப்பாவாலாக்கள் டப்பாவில்தான் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். அதனால் யாருடைய டையும் அவிழ்ந்து விழுந்ததாகத் தகவல் இல்லை.

அப்புறம், போகிற ரூட்டில் என்ன விளைகிறது என்று பாருங்கள். பழனி பக்கம் ஆயக்குடி கொய்யா, திண்டுக்கல்லில் சிறுமலை வாழைப்பழம், பண்ருட்டியில் சீசனுக்குப் பலா (சர்க்கரைக்காரர்கள் ஒரு சுளையோடு எழுந்துவிடவும்). ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள் கப்பலேறி வருகிறது. கொய்யா பக்கத்துத் தோப்பிலிருந்து கூடையில் வருகிறது. வைட்டமின் சி-யில் ஆரஞ்சையே தோற்கடிக்கும். (மணப்பாறை வழியாகப் போகிறவர்கள் முறுக்கைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளலாம். மூக்குக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.)

காலையில் கம்பங்கூழ். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ரோட்டோரக் கூழ் வண்டிக்காரர் அதற்கு ரொம்ப முன்னாலேயே சொம்பில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மோர்மிளகாயில் மட்டும் கொஞ்சம் கையைக் கட்டுங்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எல்லாம் சரி, நிஜச் சிக்கல் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கிறது. நண்பரின் கம்பெனியில் பில் வைத்தால்தான் சாப்பாட்டுக் காசு திரும்ப வரும். ஏ.சி. ரெஸ்டாரன்ட்டில் நெய் வழியும் பிரியாணிக்குக் கம்ப்யூட்டர் பில் உண்டு, ஐட்டம் வாரியாக. மறுபேச்சில்லாமல் பாஸ் ஆகிவிடும். கூழுக்கு ஏது பில்? பேசாமல் பேட்டாவை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, என்ன சாப்பிடுவது என்பதை அவரவர் வயிற்றுக்கு விட்டுவிடலாம். மாட்டார்கள். நண்பர் போன டூரில் துணிந்து 'கொய்யாப்பழம், 40 ரூபாய்' என்று வவுச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார்.

கொய்யாக்காரப் பாட்டியின் ஜி.எஸ்.டி. நம்பர் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறதாம்!