எர்த்தை எடுத்தால் ஹம் போகுமா?

"ஹம் அடிக்குதா? எர்த்தை எடுத்துடுங்க, சரியாயிடும்." ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம் கேட்கிறது என்று யாராவது வாய் திறந்தால் போதும். ஆம்ப் விற்பவர், வயரிங் செய்பவர், செல்போனில் வீடியோ போடுபவர் என்று எல்லோரும் இந்த ஒரே வாசகத்தைத்தான் நீட்டுகிறார்கள். பிளக்கைத் திறந்து பச்சை வயரை வெட்டிவிட வேண்டும், அல்லது த்ரீ பின்னை டூ பின்னாக்கும் கன்வெர்ட்டரை நடுவில் சொருக வேண்டும். ஐந்து நிமிட வேலை, செலவும் கிடையாது. அதனால்தான் இந்த யோசனை இத்தனை வருடங்களாகச் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு அவர்கள் சொல்லும் நியாயம் நான்கு. இரைச்சல் எர்த் வழியாகத்தான் உள்ளே வருகிறது. எர்த்தை எடுத்ததும் அது நின்றுபோவதே அதற்குச் சாட்சி. மேடைக் கச்சேரிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். எம்.சி.பி. இருக்கிற வீட்டில் ஆபத்து எப்படி வரும்? நான்குமே தவறு. அதிலும் இரண்டாவது பெரிய தவறு, ஏனென்றால் அதைக் காது நம்பிவிடுகிறது.

முதலில், எல்லா ஹம்மும் எர்த் ஹம் அல்ல. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் டயோடு அதை டி.சி. ஆக்கிய பிறகு மிஞ்சுகிற அலைவு 100 ஹெர்ட்ஸ். அதைச் சமன் செய்ய வேண்டிய பெரிய கண்டன்சர் வயதாகி வற்றிப்போனால், வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கி, பின்னால் இருக்கிற கேபிள் அத்தனையையும் பிடுங்கிப் போட்டாலும் ஹம் நிற்காது. சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்த 4440 ஐ.சி. ஆம்பில் 12-0-12 டிரான்ஸ்பார்மருக்கு ஒட்டி வால்யூம் கன்ட்ரோல் வயரை ஓட்டியிருந்தால், அந்த ஹம்முக்கும் சுவரில் இருக்கிற எர்த்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மின்வெட்டு வந்து ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் 'ர்ர்ர்' என்று கரகரத்தால், அது 150, 250 ஹெர்ட்ஸ் என்று மேலே ஏறுகிற ஒற்றைப்படை மடங்கு அலைகளின் வேலை. ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய கிரவுண்டு வயரை ஆம்பில் மாட்ட மறந்தாலும் ஹம்தான். அதில் 50 ஹெர்ட்ஸை ஃபோனோ ஸ்டேஜ் 1000 ஹெர்ட்ஸைவிட 17 டெசிபெல் தூக்கிவேறு கொடுக்கும். இத்தனை காரணங்களுக்கும் ஒரே மருந்து சொல்கிறவர் நோயைப் பார்க்கவே இல்லை.

இனி அந்தச் சாட்சிக்கு வருவோம். கம்ப்யூட்டரும் ஆம்பும் இரண்டுமே த்ரீ பின். நடுவில் ஓர் ஆர்.சி.ஏ. கேபிள். அந்தக் கேபிளில் உள்ளே ஒரு கம்பி, சுற்றிலும் ஷீல்டு, அவ்வளவுதான். ஷீல்டு இரைச்சலைத் தடுக்கவும் வேண்டும், பாட்டு திரும்பிப் போகும் வழியாகவும் இருக்க வேண்டும். ஆக இரண்டு பெட்டிகளுக்கும் இடையே இப்போது இரண்டு பாதைகள்: சுவருக்குள் ஓடுகிற எர்த் வயர் ஒன்று, இந்த ஷீல்டு இன்னொன்று. இரண்டு சாக்கெட்டுகளின் எர்த் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும், அது ஷீல்டு வழியாகக் கரன்ட்டைத் தள்ளும். ஷீல்டின் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம், ஓடுகிற கரன்ட் ஒரு மில்லி ஆம்பியர் என்றால் அதன் குறுக்கே 0.1 மில்லிவோல்ட் உண்டாகும். ஆம்ப் அதையும் பாட்டோடு சேர்த்தே பெருக்கும். சாதாரண லைன் சிக்னல் சுமார் 0.3 வோல்ட், எனவே ஹம் அதற்கு 70 டெசிபெல் கீழே நிற்கும். ராத்திரி அமைதியில் காதுக்குத் தட்டுப்பட இது போதும். பின் களிம்பேறி ரெசிஸ்டன்ஸ் அரை ஓம் ஆனால் ஹம் ஐந்து மடங்கு. ஆக, குற்றவாளி எர்த் அல்ல. ஒரே ஷீல்டுக்கு இரண்டு வேலை கொடுத்த இணைப்பு முறைதான். ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி தன் இதழின் 1995 ஜூன் வெளியீட்டையே இந்த விஷயத்துக்காக ஒதுக்கியது. அதில் நீல் மன்சியும் பில் விட்லாக்கும் எழுதிய கட்டுரைகள், எர்த்தில் கை வைக்காமல் இணைப்பில் பார்க்க வேண்டியதை விரிவாகக் காட்டின. அதற்குப் பிறகும் இங்கே பச்சை வயரை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆம்பின் எர்த்தை வெட்டினால் ஹம் நிற்கிறதே என்பார்கள். நிற்கும். ஆனால் ஆம்ப் எர்த்திலிருந்து விடுபட்டுவிட்டது என்று நினைத்தால் அங்கேதான் ஏமாறுகிறோம். அதன் உலோகப் பெட்டி இப்போது ஆர்.சி.ஏ. ஷீல்டு வழியாக, கம்ப்யூட்டர் வழியாக, கம்ப்யூட்டரின் பிளக் வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பத்து ஆம்பியர், பதினைந்து ஆம்பியர் தாங்க வேண்டிய பொறுப்பைத் தலைமுடி கனமுள்ள ஷீல்டு இழைகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஒருநாள் ஆம்புக்குள் டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் போய் ஃபேஸ் பெட்டியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீல்டு எரிந்துபோகலாம், கம்ப்யூட்டரின் போர்டும் கூடவே போகலாம். எரியாமல் தாக்குப்பிடித்தால் அது இன்னும் கொடுமை. பாட்டில் ஏதோ கரகரப்பு என்று ஒருவர் ஆம்பின் பின்பக்கம் போகிறார். இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஆர்.சி.ஏ. பின்னை உருவுகிறார். அந்த நொடியில் அவர் வலது விரல்களில் இருக்கிற பின்னின் வெளிவளையம் எர்த், இடது உள்ளங்கையில் இருக்கிற பெட்டி 230 வோல்ட். நடுவில் இருப்பது அவர் நெஞ்சு. கைக்குக் கை உடம்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1000 ஓம் என்றால் பாயும் கரன்ட் 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரிலேயே பிடித்த பிடியை விட முடியாமல் போகும்.

சரி, ஆம்பை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரின் எர்த்தை வெட்டலாமே என்று சிலர் புத்திசொல்வார்கள். அப்போது ஹம் கூடவும் செய்யலாம். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குச் சிறு கண்டன்சர்களைப் போட்டிருப்பார்கள். எர்த் போனதும், ஆம்புக்குப் போகும் கேபிளும் மாட்டாமல் இருந்தால், பெட்டி பாதி வோல்ட்டேஜில், 115 வோல்ட் அளவில் மிதக்க ஆரம்பிக்கும். புறங்கையால் தடவினால் சுருசுருவென்று இருக்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். கேபிளை மாட்டியதும், இதுவரை பச்சை வயரில் போய்க்கொண்டிருந்த அந்தக் கசிவு முழுவதும் ஷீல்டு வழியாக ஆம்புக்குள் வரும். எர்த்தான் இரைச்சலைக் கொண்டுவருகிறது என்ற கூற்றுக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டாம். ஆம்புக்கென்று தனியாகக் கம்பி அடித்துத் தனி எர்த் போடச் சொல்கிறவர்களும் உண்டு. மண்ணில் இரண்டு இடத்தில் இறங்கிய இரண்டு கம்பிகள் ஒரே வோல்ட்டேஜில் நிற்பதில்லை. வித்தியாசம் மில்லிவோல்ட்டில் இருந்தது வோல்ட்டுக்கு ஏறும்.

மேடைக்காரர்களைச் சாட்சிக்கு இழுப்பது விஷயம் தெரியாமல் செய்வது. இசைக்கருவியை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் இருக்கிற கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்ச் சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டும்தான் துண்டிக்கும், கரன்ட் பிளக்கின் எர்த்தைத் தொடவே தொடாது. மேடையில் எர்த் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1972 மே 3 சாட்சி. ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சி நகரில் சரியான எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். வீட்டுக்குள் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு 1976 மே மாதம். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத எலக்ட்ரிக் கிதாரை வாசித்துக்கொண்டிருந்தபோது உயிர்விட்டார்.

எம்.சி.பி. காப்பாற்றும் என்பதும் பொய் நம்பிக்கைதான். அது ஆறு ஆம்பியர், பத்து ஆம்பியர் என்று அதிகக் கரன்ட் ஓடினால்தான் விழும். எர்த்தும் இல்லாமல் ஷீல்டும் பிரிந்த பெட்டியில் ஃபேஸ் வந்து உட்கார்ந்தால் கரன்ட் ஓட வழியே இல்லை, எம்.சி.பி.க்கு எதுவுமே தெரியாது. கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் எர்த் இருந்தால் கோளாறு வந்த கணமே அது விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரன்ட் ஓடிய பிறகுதான் விழும். பழைய வீடுகள் பலவற்றில் அதுவும் கிடையாது. டூ பின்னோடு வருகிற ஆம்புகளைக் காட்டி வாதாடுகிறவர்கள் அவற்றின் பின்பக்கம் பார்க்கட்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும், அவை இரட்டை இன்சுலேஷனோடு கட்டப்பட்டவை.

இணைப்பில் வருகிற ஹம்மைத் தேட வேண்டிய இடம் கேபிள்கள்தான். இன்புட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதை எடுத்ததும் நிற்கிறதோ பாதை அதுதான். ஒயர்டு கேபிள் டி.வி. இருக்கிற வீட்டில் முதலில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கோஆக்சியல் வயரைக் கழற்றிப் பாருங்கள். அதுதான் என்றால் அந்த வயரில் ஒரு கால்வானிக் ஐசொலேட்டர் போடலாம். கம்ப்யூட்டர் என்றால் நடுவில் ஓர் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடலாம், அல்லது கண்ணாடி இழை போல ஒளியில் ஓடுகிற ஆப்டிகல் கேபிளுக்கு மாறலாம். அதில் கரன்ட் போகவே வழி இல்லை. எல்லாப் பெட்டிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினாலே பல வீடுகளில் ஹம் அடங்கிவிடும். இவற்றில் எதற்கும் பிளக்கைத் திறக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வெட்டிய பச்சை வயர் இருந்தால், அதை மட்டும் இன்றைக்கே திறந்து திரும்ப மாட்டிவிடுங்கள்.