தூய்மை வேறு, வேலை வேறு



போன மாதம் கல்யாண வீட்டில் என் தம்பி மகளைச் சுற்றி நின்று எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "இன்னுமா பிஎச்.டி. முடியல?" அவள் சிரித்துச் சமாளித்தாள். ராத்திரி மொட்டை மாடியில் என்னிடம் நடந்ததைச் சொன்னாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அவள் ஆராய்வது 'துத்தநாக விரல்' புரதம் ஒன்றை. (கொரோனா சமயத்தில் ஜிங்க் மாத்திரை வாங்கிக் குவித்தீர்களே, அதே துத்தநாகம்தான்.) டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு, எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா இருக்கலாம் என்பதில் கை வைக்கும் புரதங்கள் இவை. ஆப்பிரிக்கத் தவளையின் முதிராத முட்டைகளில் கிடைத்த ஒரு புரதத்தில், 1985இல் கேம்பிரிட்ஜில் ஆரோன் க்ளூக் குழுவினர் இந்த அமைப்பைக் கண்டார்கள். ஒரு விரல் என்பது ஏறக்குறைய 30 அமினோ அமிலம். அதில் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் நடுவில் ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கும். அந்தப் பிடியால்தான் விரல் மடிந்து நிற்கிறது. அயனி கழன்றால் வெறும் நூல். மனிதரிடம் இந்த வகை மரபணுக்கள் எழுநூறு வரை உண்டு. பலவற்றுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். அதில் ஒன்று இவள் பங்குக்கு வந்தது.

மனிதப் புரதத்துக்கு மனிதரை அறுக்க முடியாது. மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக் கொண்டே செய்ய வைப்பார்கள். நம்மில் பலர் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலினும் இப்படி வந்ததுதான். அமெரிக்காவில் 1982இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது மருந்து, கெடுபிடி அதிகம். இவள் வாங்கியது 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒட்டிய, ஐஸில் வந்த சின்னக் குப்பி. தூய்மை 90 சதவீதத்துக்கு மேல் என்று சான்றிதழ்.

எட்டு மாதம் அது டி.என்.ஏ.வைத் தொடவே இல்லை. "உன் கைதான் சரியில்லை" என்றார் வழிகாட்டி. கடைசியில் இவளே குப்பியில் துத்தநாகம் எவ்வளவு என்று அளந்தாள். அநேகமாக ஒன்றுமில்லை. தகவல் தாளின் பொடி எழுத்தைப் படித்தால், சேமிப்புக் கரைசலில் ஈ.டி.டி.ஏ.!

இன்ஜினியரிங் முதலாண்டில் கடினநீரைத் தரம்பார்த்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடிப்பதைவிட இறுக்கமாகத் துத்தநாகத்தைப் பிடிக்கும். புரதத்தைத் தின்னும் நொதிகள் சிலவற்றை முடக்க அதைச் சேர்ப்பது வழக்கம். பல புரதங்களுக்கு அது காவல், இதற்கு வேட்டு.

கம்பெனி பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். தூய்மையை ஜெல்லில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டுமுன் புரதத்தைச் சூடாக்கி, சோப்பு மாதிரி ஒரு பொருள் சேர்த்து மடிப்பை எல்லாம் பிரித்துவிடுவார்கள். ஆகவே அது எடையைச் சொல்லும், கலப்படத்தைச் சொல்லும். விரல் மடிந்திருந்ததா என்று சொல்லாது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பையனுக்குப் பாடம் புரிந்தது என்று நான் எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

என் அபிப்பிராயம் இதுதான். இத்தகைய புரதத்தை விற்கிறவர், துத்தநாகம் இருக்கிறதா, தெரிந்த ஒரு டி.என்.ஏ. துண்டோடு ஒட்டிப் பார்த்தீர்களா என்ற இரண்டையும் தாளில் போட வேண்டும். சோதித்தால் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும், அல்லது 'சோதிக்கவில்லை' என்றாவது பெரிய எழுத்தில் போடட்டும். என் மாணவர்களில் மருந்துக் கம்பெனியிலும் கல்லூரிக் கொள்முதல் குழுவிலும் இருப்பவர்கள் உண்டு. குறைந்த கொட்டேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேளுங்கள். வழிகாட்டிகளாக இருப்பவர்களும், பிள்ளையின் கையைக் குறை சொல்லுமுன் குப்பியைச் சோதியுங்கள். அந்த எட்டு மாத உதவித்தொகையை யாரும் அவளுக்கு நீட்டித்துத் தரப்போவதில்லை.

இப்போது அவளே பாக்டீரியாவில் செய்கிறாள், வளர்ப்புக் கரைசலில் துத்தநாக உப்பு சேர்த்து. போன வாரம் முதல்முறையாக டி.என்.ஏ.வோடு ஒட்டியதாகப் படம் அனுப்பினாள். கறுப்பாக இரண்டு தீற்றல். "யாருக்கு ஸ்கேன்?" என்றாள் என் மனைவி.

ஆவணியில் வளைகாப்புக்கு வருகிறாள். கேட்பதானால் அந்தத் தீற்றலைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வாள்.