கணினி விளையாட்டும் மதிப்பெண்ணும்

மதிப்பெண் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும் பருவம் எங்களுடையது. ஆண்டு மலரிலும் அதைப் பற்றித்தானா என்று தோழியர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அஞ்ச வேண்டாம், இங்கே நாங்கள் பேசப் போவது கணினி விளையாட்டுகளுக்கு விமரிசகர்கள் இடும் மதிப்பெண்ணைப் பற்றி. விளையாட்டே வீண் என்று எண்ணும் பெற்றோரும் சற்றே பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறோம். பிள்ளைகள் கேட்கும் விளையாட்டை வாங்கித் தரலாமா என்பதைப் பெற்றோர் பலர் இந்த எண்ணைப் பார்த்துத்தானே தீர்மானிக்கிறார்கள்!

சென்ற கோடை விடுமுறையில் எங்களுள் ஒருத்தியின் வீட்டில் ஆறு பேர் கூடி, 'வெண்பா' என்ற விளையாட்டை ஆடினோம். கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023-ல் வெளியிட்டது அது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் பெயர்தான் வெண்பா. அவளிடம் உள்ள பழைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விடுபட்டதை ஆடுபவர் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதற் சமையல் இட்லி! குடலை இட்லி மணக்கும் வரதராஜப் பெருமாள் கோயில் ஊரில் பிறந்தவர்களுக்கு இட்லித் தட்டை அடுக்கவா சொல்லித் தர வேண்டும்? கலகலவென்று சிரித்துவிட்டோம். ஆனால் மகன் வளர்ந்து தாய்மொழியை விட்டு விலகத் தொடங்கியதும் எங்கள் சிரிப்பு அடங்கிற்று. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. வீட்டு அம்மா தேநீர் போட்டு எடுத்து வரவும் சரியாக இருந்தது.

பிறகு துண்டுச் சீட்டில் ஆளுக்கொரு மதிப்பெண் எழுதினோம். பத்துக்கு 9, 9, 8, 6, 5, 5. கூட்டினால் 42, சராசரி 7. வேடிக்கை என்னவென்றால், ஏழு என்று எழுதியவள் எங்களுள் ஒருத்தியும் இல்லை.

ஒன்பது தந்தவளின் அண்ணன் அயல்நாட்டில் இருக்கிறான். அவள் கண் கலங்கியே எழுதினாள். ஐந்து தந்தவர்களுள் ஒருத்தி, "கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா?" என்றாள். மற்றவளோ, "எனக்குத் தெரிந்த சமையல்தானே, இதில் புதிர் எங்கே?" என்றாள். இருவரும் எழுதிய எண் ஒன்று, எண்ணம் வெவ்வேறு. வெளிநாட்டு விமரிசகர்களுக்கும் இதே நிலைதான். பலர் மனமாரப் பாராட்டினார்கள். சிலர் 'மிகச் சிறியது' என்று குறைப்பட்டார்கள். 2024 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்கான விருதை 'வெண்பா'வுக்கு அளித்தது. இட்லியே அறியாத ஒருவருக்கு அந்தப் புதிர் எப்படி இருந்திருக்கும் என்று எங்களால் ஊகிக்க முடியவில்லை. எங்களுக்கு எப்படி இருந்தது என்று அவராலும் முடியாது.

ஜப்பானில் 1986-ல் தொடங்கிய 'ஃபாமிட்சு' என்ற இதழ் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. ஒரே விளையாட்டை நால்வர் ஆடிப் பார்த்து, தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் இடுவார்கள். நான்கு எண்களும் அருகருகே அச்சாகும். நால்வரும் முழு மதிப்பெண் தந்து நாற்பதுக்கு நாற்பது என்பது 1998-ல்தான் முதன்முதலாக ஒரு விளையாட்டுக்குக் கிடைத்தது. விமரிசகர்கள் ஒத்துப் போனார்களா, முரண்பட்டார்களா என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம். 2001-ல் வந்த 'மெட்டாகிரிட்டிக்' என்ற தளமோ உலகெங்கும் உள்ள விமரிசனங்களைத் திரட்டி, நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணாக்கிவிடுகிறது. எந்த இதழின் சொல்லுக்கு எத்தனை எடை என்பதை அது வெளியிடுவதில்லை. நம் பொதுத் தேர்விலாவது விடைத்தாளின் நகலைக் கேட்டுப் பெறலாம், மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம்!

எண் என்றால் எங்கும் ஒரே அளவுகோல் என்றும் நினைத்துவிடக் கூடாது. நம் ஆனந்த விகடன் திரைப்படங்களுக்கு இட்ட மதிப்பெண்களை நம் பெற்றோர் நன்கு அறிவார்கள். 1977-ல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு விகடன் தந்தது 62.5. அதை இன்றளவும் பெருமையாகச் சொல்வார்கள். அதே 62.5 ஒரு கணினி விளையாட்டுக்குக் கிடைத்திருந்தால்? மெட்டாகிரிட்டிக்கில் விளையாட்டு 75-ஐத் தொட்டால்தான் பச்சை நிறம். 62 என்றால் மஞ்சள், அதாவது சுமார் ரகம். திரைப்படத்துக்கு மட்டும் அங்கேயே 61 போதுமாம். ஏன் இந்தப் பாரபட்சமோ!

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். 2010-ல் அமெரிக்காவின் ஆப்சிடியன் என்ற நிறுவனம் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்ற விளையாட்டை உருவாக்கியது. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்பது வெளியீட்டாளருடன் செய்த ஒப்பந்தம். வந்தது 84. ஒரு மதிப்பெண்ணில் போனஸ் போயிற்று. இதை அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரே 2012-ல் வெளியே சொன்னார்.

இதைப் படித்ததும் எங்களுக்குத் தறிதான் நினைவுக்கு வந்தது. எங்களுள் மூவர் வீட்டில் தறி உண்டு. ஒருத்தியின் தந்தை ஒருமுறை சேலையை இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பார்வையிட்டவர் அதை விரித்து, கோர்வையில் கை வைத்துத் தடவி, புறப்பக்கம் திருப்பி, "இதோ, இந்த இடத்தில் கரையும் உடலும் சரியாகச் சேரவில்லை" என்று காட்டினார். கூலியில் பிடித்தம் செய்தார்கள். அப்பாவுக்கு வருத்தம்தான்; ஆனால் குற்றத்தைத் தன் கண்ணால் பார்த்தார், அடுத்த சேலையில் அதைத் திருத்தினார். வேறோரிடத்தில் இன்னொரு முறை, காரணமே சொல்லாமல் தொகையைக் குறைத்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு அவர் தூங்கவில்லை என்று அவள் சொன்னாள். பிடித்தம் இரண்டு முறையும் உண்டு. முதல்முறை ஒரு மனிதர் தம் விரலை வைத்துப் பொறுப்பேற்றார். எண்ணை மட்டும் நீட்டும் விமரிசனத்தின் மேல் எங்களுக்குள்ள மனக்குறை இதுதான்.

பெற்றோருக்கு ஒரு செய்தி. 2008-ல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' நான்காம் பாகத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 98 கிடைத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று மகிழ்ந்து தம்பிக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்! பதினேழு வயது நிரம்பியவர்க்கே உரியது என்று அமெரிக்காவில் முத்திரையிடப்பட்ட விளையாட்டு அது. மதிப்பெண் வேலைப்பாட்டைச் சொல்லும். வயதுக்கு ஏற்றதா என்பதை வேறொரு முத்திரைதான் சொல்லும். உறையில் அதைத் தேடுங்கள்.

விமரிசகர் எந்தக் கருவியில் ஆடினார் என்பதும் தெரிய வேண்டும். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளிவருமுன் எழுதப்பட்ட விமரிசனங்கள் கணினியில் ஆடிப் பார்த்தவை. மதிப்பெண்களும் உயர்ந்தே இருந்தன. பழைய பிளேஸ்டேஷன் வைத்திருந்தவர்கள் அதை நம்பி வாங்கினார்கள். அதில் விளையாட்டு அடிக்கடி தடுமாறி நின்றது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது.

எங்களுள் ஒருத்தி மட்டும் இதையெல்லாம் ஏற்கவில்லை. "முழு விமரிசனத்தையும் படிக்க யாருக்கு நேரம்? கையில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது, ஐந்து விளையாட்டில் எதை வாங்குவது? எண் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 'யூரோகேமர்' என்ற பிரிட்டிஷ் தளம் 2015-ல் மதிப்பெண்ணையே கைவிட்டது. 2023-ல் ஐந்து நட்சத்திர முறைக்குத் திரும்பிவிட்டது. எண்ணை ஒழிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எத்தனை மணி நேரம் ஆடினார், எந்தக் கருவியில் ஆடினார், விளையாட்டை விலைக்கு வாங்கினாரா, இலவசமாகப் பெற்றாரா, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பவற்றை எழுதிவிட்டுக் கடைசியில் எண்ணைப் போடட்டும். ஒருவருடைய கூலியை மட்டும் அந்த எண்ணில் கட்டித் தொங்கவிடக் கூடாது.

எங்கள் ஆறு சீட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்புறமும் காரணத்தை எழுதிவிட்டோம். 'புதிர் எங்கே?' என்று கேட்டவள் மறுநாள் வந்து, தன் ஐந்தை ஆறாக்க வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டோம். இரவு அம்மாவுக்கு இட்லி ஊற்ற உதவினாளாம். அதையும் சீட்டின் பின்னால் எழுதச் சொன்னோம்.