277 பேர் போருக்குப் போனாங்க... பெயர் எங்கே?

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. அவ்ளோதான். ஒரு பெயர்கூட இல்லை.

அந்த 277 பேரில் ஒருத்தர் உங்க கொள்ளுத்தாத்தா என்றால், எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

இதற்கு உதவுவதுதான் மஸ்டர் ரோல். நூறு நாள் வேலையில் கேள்விப்பட்ட அதே வார்த்தைதான். படையில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்குச் சம்பளம் தரணும் என்று பார்க்க எழுதிய ஆள் கணக்கு. இன்று குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு அது புதையல்.

ஆனால், எல்லாருக்கும் அது கிடைக்கவில்லை. கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் படையில் இருந்த ஐரோப்பிய வீரர்களின் மஸ்டர் ரோல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவர்களின் வாரிசுகள் தேடி எடுக்கலாம். அதே படையில் பெரும்பான்மையாக இருந்த நம்ம ஊர் சிப்பாய்களுக்கு அந்த அளவுக்குப் பதிவுகள் அங்கே இல்லை.

முதல் உலகப் போர் விஷயத்தில் பஞ்சாபின் கதை வேறு. போர் முடிந்ததும் 1919-ல் அந்த மாகாண அரசு ஊர் ஊராகப் பட்டியல் எடுத்தது. சுமார் 3,20,000 பேர். பெயர், அப்பா பெயர், ஊர், படைப்பிரிவு எல்லாம் அதில் உண்டு. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த இந்தப் பதிவேடுகளை, பிரிட்டனில் உள்ள பஞ்சாபி பாரம்பரிய அமைப்பும் கிரீனிச் பல்கலைக்கழகமும் டிஜிட்டலாக்கின. 2021-ல் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டப் பட்டியல்கள் முதலில் இணையத்துக்கு வந்தன.

அதை நாமும் செய்யணும் என்பதுதான் என் கருத்து. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள ராணுவ, மாவட்டப் பதிவுகளில் சிப்பாய்களின் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ, அதையெல்லாம் தொகுத்து, ஊர்ப் பெயர் போட்டால் கிடைக்கிற மாதிரி அரசு வெளியிடலாம்.

மீதி வேலை நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் இருந்தால், அதன் விளிம்பைப் பாருங்க. எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். போரில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம்.

அந்த மெடல் பெரும்பாலும் வெள்ளி. எடைக்குப் போடும் முன் விளிம்பை ஒரு போட்டோ எடுத்து வையுங்க. உருக்கிட்டா, அவர் போருக்குப் போனதற்கு உங்க வீட்டில் இருந்த ஒரே எழுத்தும் போயிடும்.